ஸ்நார்கல் மாட்டுமுன் ஏர் பாக்ஸைத் திறந்து பாருங்கள்

ஃபோர்ஸ் குர்கா ஆலையிலிருந்து ஸ்நார்கலோடுதான், அதாவது என்ஜினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாயோடுதான், வருகிறது. அந்த வண்டி கடக்கலாம் என்று கம்பெனி சொல்லும் நீரின் ஆழம் 700 மி.மீ. ஸ்நார்கல் இல்லாமல் வரும் மஹிந்திரா தாருக்கு, அதாவது 2020இல் வந்த மாடலுக்கு, 650 மி.மீ. வித்தியாசம் வெறும் 50 மி.மீ. ஒரு வண்டி கூரை உயரத்திலிருந்து மூச்சு வாங்குகிறது, மற்றது பானட்டுக்குள்ளிருந்து வாங்குகிறது. இருந்தும் மூன்று விரல் அகலம்தான் கூடுதல். ஸ்நார்கல் வாங்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டிய கணக்கு இது. ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் ஃபேன், ஃப்யூஸ் பாக்ஸ், டிஃபரன்ஷியல் பிரீதர் (அச்சின் பல்சக்கரப் பெட்டி மூச்சு விடும் துளை) எல்லாம் பழைய இடத்திலேயேதான் இருக்கின்றன. அவற்றுக்கும் சேர்த்துத்தான் கம்பெனி ஆழம் சொல்கிறது.

அதற்காக ஸ்நார்கல் வீண் செலவு என்று ஆகிவிடாது. முழங்கால் ஆழம் என்று நம்பி இறங்கிய ஓடையில் ஒரு குழி வந்து முன்சக்கரம் அமுங்கினால், பானட்டின் மேல் தண்ணீர் ஏறும் அந்தச் சில விநாடிகளில் என்ஜினைக் காப்பாற்றுவது அதுதான். மற்ற நாட்களில் தூசி குறைந்த காற்றைக் கொடுக்கும். ஜெய்சல்மேர் பக்கம் மணலிலோ, வரிசையாகப் பத்து வண்டி போகும் செம்மண் தடத்திலோ, சக்கர உயரத்துக் காற்றுக்கும் கூரை உயரத்துக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஃபில்டரைத் திறந்து பார்த்தாலே கண்டுகொள்ளலாம். ஆண்டு முழுக்க வைத்துப் பார்த்தால் தூசிக்கான பயன்தான் பெரியது. விளம்பரப் படங்களில் என்னவோ தண்ணீர் மட்டும்தான் தெறிக்கும்.

இந்த இரண்டு பயனும் ஒரே நிபந்தனையில் நிற்கின்றன. ஸ்நார்கல் தலை முதல், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் வாய் வரை வேறு எந்த வழியிலும் காற்று நுழையக் கூடாது. கடையில் வாங்கும் குழாய் இந்த வேலையில் கால்பங்கு. மீதி முக்கால்பங்கு ஃபில்டர் உட்காரும் ஏர் பாக்ஸிலும் ஹோஸிலும் கிளாம்பிலும் இருக்கிறது. அந்த முக்கால்பங்கைச் செய்யாமல் விடப்பட்ட வண்டிகள் ஏராளம்.

36 மில்லி லிட்டர்

தண்ணீரை அமுக்க முடியாது. தாரின் டீசல் என்ஜின் 2,184 சிசி. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 546 சிசி. அமுக்க விகிதத்தை 16க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம், 546ஐ 15ஆல் வகுத்தால், சுமார் 36 மி.லி. இரண்டரை மேசைக்கரண்டிகூட இல்லை. அதைவிட அதிகமாக ஒரு சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வர இடம் கிடையாது. ஃப்ளைவீலோ சுற்றாமல் விடாது. இடையில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராட் வளையும். ஐடிலில் நடந்தால் என்ஜின் நின்றுபோய், ராட் பிழைக்கவும் வாய்ப்புண்டு. 2,500 ஆர்பிஎம்மில் நடந்தால் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரலாம்.

ஆகவே ஏர் பாக்ஸில் பென்சில் தடிமனுக்கு ஒரு ஓட்டை இருந்து, அது அரை நிமிடம் நீருக்கடியில் இருந்தாலே போதும். கூரையில் நிற்கும் தலை எவ்வளவு அழகாக இருந்தாலும் உதவாது.

குழாயின் விட்டம்

இதே என்ஜின் உச்ச சக்தி தருவது 3,750 ஆர்பிஎம்மில். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கும்; டர்போ இல்லை என்றால் நிமிடத்துக்குச் சுமார் 4,100 லிட்டர். டர்போ ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கொடுக்கிறது என்று வைத்தால், மேல் எல்லையாக 8,000 லிட்டர். இந்தக் காற்று 76 மி.மீ. உள்விட்டக் குழாயில் விநாடிக்கு 29 மீட்டர் வேகத்தில் ஓடும். 63 மி.மீ. குழாயில் 43 மீட்டர். உராய்வு இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 13 மி.மீ. குறைத்ததற்கு இழப்பு இரட்டிப்புக்கும் மேல். 2.2 டீசலுக்கு 76 மி.மீ.க்குக் குறைந்த எதையும் வாங்காதீர்கள். வெளிவிட்டத்தைக் காட்டி விற்பார்கள். வெர்னியர் வைத்து உள்ளே அளந்து பாருங்கள். ஃபெண்டருக்குள் திரும்பும் கழுத்துப் பகுதியில்தான் மலிவான ஸ்நார்கல்கள் சப்பையாகிக் குறுகும்.

பாசனக் குழாய்க் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயை வளைத்து மாட்டுபவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஓடும். ஆனால் என்ஜின் அறைச் சூட்டில் அது இளகும், வெயிலில் நொறுங்கும், எல்போ வளைவுகள் காற்றைத் தடுக்கும். ஆஸ்திரேலிய ‘சஃபாரி’ போன்ற பழைய பெயர்கள் குறுக்குப் பிணைப்பு செய்த பாலிஎத்திலீனைப் பயன்படுத்துவது புற ஊதாக் கதிரையும் மரக்கிளை அடியையும் தாங்கத்தான். ஒரே வார்ப்பாக இருக்கும் உடலை வாங்குவது நல்லது. இரண்டு பாதியை ஒட்டியது என்றால் அந்த ஒட்டும் உங்கள் சந்தேகப் பட்டியலில் சேர வேண்டும்.

முன்னோக்கிய தலை காற்றைத் திணித்து சக்தி கூட்டும் என்பது விற்பனைப் பேச்சு. 100 கி.மீ. வேகத்தில் முழுக் காற்றும் நேராக வந்து மோதினாலும் கிடைக்கும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. மலைத்தடத்தில் நீங்கள் போகும் 20 கி.மீ. வேகத்தில் அது ஒன்றுமே இல்லை. முன்னோக்கிய தலையின் உண்மையான வேலை வேறு: மழைத்துளி உள்ளே சுழன்று பக்கச் சுவரில் அடித்து, பின்னாலும் அடியிலும் உள்ள பிளவுகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தப் பிளவுகளை நீர் புகும் என்று பயந்து டேப் ஒட்டி அடைப்பவர்கள் தங்களுக்கே குழி தோண்டுகிறார்கள். முன்னால் போகும் வண்டியின் தூசி அதிகம் என்றால் தலையைப் பின்னோக்கித் திருப்பிவையுங்கள். பாலைவனத்தில் தொடர்ந்து ஓட்டுபவருக்கு, தூசியைச் சுழற்றி வெளியே எறியும் சைக்ளோன் வகைத் தலை நல்லது. டிராக்டரிலும் மண் அள்ளும் எந்திரத்திலும் பார்ப்போமே, அதே தத்துவம்.

பானட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டுவதைப் பற்றி ஒரு பத்தி போதும். மெதுவாக ஏறும்போது அங்கே காற்று 65 டிகிரி வரை போகலாம். வெளியே 35 டிகிரி. அதன் அடர்த்தி 9 சதவீதம் குறைவு. சத்தம் கூடும், காற்று குறையும், தண்ணீர் நேராகப் போகும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் கூடிப்போனால், உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரின் சூடான படலத்தில் படிந்து அளவைக் கெடுக்கும். ஆலை கொடுத்த காகித ஃபில்டரையே வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவைக் காட்டாமல் ‘அதிகக் காற்று’ என்று மட்டும் சொல்லும் ஃபில்டரை நம்பக் காரணம் இல்லை. எளிதாகக் காற்றை விடும் ஃபில்டர் தூசியையும் எளிதாக விடலாம்.

ஃபெண்டரில் ஓட்டை

இது பயமுறுத்தும் வேலை, ஆனால் கடினமான வேலை அல்ல. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃபெண்டர் லைனரைக் கழற்றி, பின்னால் வயரிங், ஏசி பைப், வாஷர் டாங்க், ஆண்டெனா கேபிள் எங்கே போகின்றன என்று பாருங்கள். முடிந்தால் ஃபெண்டரையே கழற்றி மேசைமேல் வைத்து வெட்டலாம். கிட்டோடு வந்த காகித டெம்ப்ளேட்டை அப்படியே நம்பாமல், ஸ்நார்கலை ஃபெண்டரோடும் ஏ-பில்லரோடும் (முன்கண்ணாடி ஓரத் தூண்) சேர்த்துப் பிடித்து, ஸ்டட் வரும் இடங்களைச் சரிபார்த்துக் குறியுங்கள். பானட் முழுதாகத் திறக்குமா, கதவு இடிக்குமா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும்.

குறித்த இடம் முழுக்க மாஸ்கிங் டேப். 3 மி.மீ. துளை, பிறகு 8 மி.மீ., பிறகு ஹோல் சா. கழுத்தின் வெளிவிட்டத்தைவிட 4 முதல் 6 மி.மீ. பெரிய ஹோல் சா எடுங்கள். நெருக்கமாக வெட்டினால் வண்டி முறுக்கும்போது தகரம் பிளாஸ்டிக்கை அறுக்கும். வேகத்தைக் குறைத்து, அழுத்தாமல், கருவியின் எடையிலேயே வெட்ட விடுங்கள். அரைவட்ட அரத்தால் பிசிறை எடுத்துவிட்டு, துத்தநாக பிரைமர் இரண்டு கோட், மேலே டச்-அப் பெயிண்ட், அது முழுக்கக் காய்ந்தபின் ஓரத்துக்கு ரப்பர் டிரிம். பிரைமரைத் தவிர்த்தால் ஒரே மழைக்காலத்தில் துருக் கோடு இறங்கும். இரும்புத் தூளைக் காந்தத்தாலும் பிரஷ்ஷாலும் எடுங்கள். ஏர் கன் வைத்து ஊதினால் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வெட்டும்போது ஏர் பாக்ஸ் வாயில் துணி அடைத்திருப்பீர்கள். அந்தத் துணியின் ஒரு முனையை ஸ்டியரிங்கில் கட்டிய நூலோடு இணைத்துவையுங்கள். சிரிக்க வேண்டாம், துணியை உள்ளேயே மறந்து ஸ்டார்ட் செய்வது இந்த வேலையில் சகஜமான விபத்து.

ஸ்டட்கள் பெரும்பாலும் எம்6 அல்லது எம்8. துருப்பிடிக்காத ஸ்டீல், அகல வாஷர், நைலாக் நட். பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை இன்சர்ட் என்பதால் கையால் ஸ்பேனர் பிடித்து இறுக்கினால் போதும். இம்பாக்ட் கன்னைத் தொடாதீர்கள், இன்சர்ட் பிடுங்கிக்கொண்டு சுற்றும். ஏ-பில்லர் பிராக்கெட்டுக்கு வெறும் ஸ்க்ரூவைவிட, ரிவெட் போலத் தகரத்தில் பதியும் ரிவ்நட் நல்லது. துளை போடுமுன் பில்லருக்குள் வயரிங்கோ ஏர்பேக்கோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

ஏர் பாக்ஸ்

உட்கார்ந்து நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. பாக்ஸை வண்டியிலிருந்து முழுதாகக் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஆலை ஏர் பாக்ஸ்கள் மழைநீர் வடியும்படி செய்யப்பட்டவை. அடியில் ஒரு துளையோ, வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வோ இருக்கும். சத்தத்தைக் குறைக்கும் ரெசனேட்டர் அறை பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் அதிலும் தனியாக ஒரு துளை இருக்கலாம்; பலர் தவறவிடுவது அதைத்தான். காற்று வரும் பழைய வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ கிரில்லுக்கு மேலோ திறந்திருக்கும். புது ஹோஸ் வந்ததும் அது கழற்றப்பட வேண்டும் அல்லது நிரந்தரமாக மூடப்பட வேண்டும்.

வெறும் துளையை அப்படியே அடைத்துவிடுவது ஒரு வழி. ஆனால் கனமழையில் ஸ்நார்கல் வழியாக வரும் கொஞ்ச நீர் வெளியேற வழியின்றி ஃபில்டருக்கடியில் தேங்கும். அந்த ரப்பர் வால்வைப் பொருத்துவது மேல். என்ஜின் ஓடும்போது உள்ளிருக்கும் உறிஞ்சல் அதன் உதடுகளை மூடும். நீருக்கடியில் போனால் வெளி அழுத்தமும் அதே திசையில் மூடும். என்ஜின் நின்றபின் தேங்கிய நீரின் எடைக்குத் திறக்கும். உதட்டில் ஒரு புல் விதையோ மணலோ சிக்கினால் எல்லாம் போச்சு. ஆகவே ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்னும் விரலால் பிதுக்கிப் பார்க்க வேண்டும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

நிரந்தர மூட்டுகளுக்கு நியூட்ரல் க்யூர் சிலிகான் அல்லது பாலியூரித்தேன் சீலண்ட். வினிகர் வாடை அடிக்கும் சாதாரணச் சிலிகான் வேண்டாம், அதன் அமிலம் உலோகத்தையும் சென்சாரையும் அரிக்கும். சீலண்டை வெளிப்புறத்திலிருந்து பூசுங்கள். உள்ளே பிதுங்கி நிற்கும் துண்டு ஒருநாள் பிய்ந்து காற்றோடு போகும். 24 மணி நேரம் காய விடுங்கள். மூடியைச் சீலண்டால் ஒட்டவே கூடாது, ஃபில்டரை மாற்ற வேண்டுமே. அங்கே மூடிய செல் ஈபிடிஎம் ரப்பர் ஃபோம் பட்டை 3 மி.மீ. ஒட்டி, தளர்ந்த கிளிப்புகளைப் புதிதாக மாற்றுங்கள். ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். சாதாரண கிரீஸ் சில ரப்பர்களை ஊதச் செய்யும்.

ஸ்நார்கலுக்கும் பாக்ஸுக்கும் நடுவே 76 மி.மீ. சிலிகான் ஹோஸ், நான்கு அடுக்கு, உட்புறம் வழவழப்பானது. சுருக்கம் வைத்த விலை குறைந்த ஹோஸ் காற்றைக் கலக்கும், உறிஞ்சலில் சப்பையும் ஆகும். கிளாம்ப் டி-போல்ட் வகையாக இருக்கட்டும். புழு ஸ்க்ரூ கிளிப்பின் துளைகள் சிலிகானைக் கடித்து வெட்டும். ஹோஸ் இரு பக்கமும் குறைந்தது 30 மி.மீ. ஏறி உட்கார வேண்டும். பாக்ஸ் ரப்பர் புஷ்ஷில் ஆடும், ஃபெண்டர் ஆடாது. அந்த அசைவுக்கு ஹோஸில் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

ஃபில்டருக்குப் பின்னால்

பாக்ஸிலிருந்து டர்போ வரை உள்ள பகுதி இன்னும் ஆபத்தானது. அங்கே நுழையும் தூசியைத் தடுக்க எதுவுமே இல்லை. கம்ப்ரசர் இறக்கைகளின் முன் விளிம்பு முதலில் தேயும், பிறகு பிஸ்டன் ரிங். டர்போவுக்குள் இறங்கும் ரப்பர் ஹோஸின் மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். எம்ஏஎஃப் சென்சாரின் ஓ-ரிங், என்ஜின் பிரீதர் குழாயின் கிளிப் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். இந்தப் பகுதியின் குழாய் விட்டத்தை மாற்றாதீர்கள். எம்ஏஎஃப் அந்த விட்டத்துக்கென்றே அளவு செய்யப்பட்டது. பிஎஸ்6 டீசலில் புகையைக் கட்டுப்படுத்தும் இஜிஆர், டிபிஎஃப் எல்லாம் அந்த எண்ணை நம்பி ஓடுகின்றன. சென்சாருக்குப் பின்னால் கசிவு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். பி0101 என்ற பிழைக் கோடு வரலாம், வராமலும் போகலாம். வராதபோதுதான் சேதம் அதிகம், ஏனென்றால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

என்ஜின் ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் சிலிகான் தனிமத்தின் அளவைக் கவனியுங்கள். படிப்படியாக ஏறினால் தூசி போகிறது. சீலண்ட் வேலை முடிந்த முதல் ஆயிலில் அது பொய்யாகவும் ஏறலாம்.

சோதனைகள்

முதலில் இருட்டில், கழற்றிய பாக்ஸுக்குள் எல்இடி விளக்கை வைத்து மூடி, சுற்றிலும் பாருங்கள். ஒளி கசியும் இடத்தில் நீரும் கசியும்.

மாட்டி முடித்தபின் அடைப்புச் சோதனை. என்ஜின் ஐடிலில் ஓட, பலகைமேல் ரப்பர் ஷீட் ஒட்டி ஸ்நார்கல் வாயை முழுதாக மூடுங்கள். தலையில் வடிகால் பிளவுகள் இருப்பதால் அதைக் கழற்றிவிட்டுக் குழாய் வாயில் செய்ய வேண்டும். துணி வேண்டாம், இழுத்துக்கொள்ளும். சில விநாடிகளில் என்ஜின் திணறி நின்றால் நல்லது. நிதானமாக ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ வழி இருக்கிறது. சீறும் சத்தத்தைக் காதால் தேடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், அளவுக்கு மீறிய உறிஞ்சல் டர்போ சீல் வழியாக ஆயிலை இழுக்கும். சத்தம் கேட்டும் இடம் பிடிபடவில்லை என்றால், எம்ஏஎஃப்பைப் பத்திரமாகக் கழற்றித் துளையை மூடிவிட்டு, டர்போ முனையை அடைத்து, 0.1 பார் மட்டும் காற்று கொடுத்து சோப்பு நீர் தெளியுங்கள். அதற்குமேல் கொடுத்தால் பிளாஸ்டிக் பாக்ஸ் வாய் பிளக்கும்.

தடை கூடியதா என்று அறிய, இரண்டு மீட்டர் 6 மி.மீ. ஒளிபுகும் குழாயை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிவரை வண்ண நீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னுள்ள பகுதியோடு இணைத்து, இடையில் நீர் பிடிக்க ஒரு சிறு பாட்டில் வையுங்கள். ஸ்நார்கல் போடுமுன் ஒருமுறை, போட்டபின் ஒருமுறை, அதே ஏற்றத்தில் அதே கியரில் முழு மிதியில், பக்கத்தில் இருப்பவர் அளவைப் படிக்கட்டும். நின்ற இடத்தில் ரேஸ் செய்து எடுத்த அளவு பயன்படாது, சுமை இல்லாமல் டர்போ நிறையாது. கனரக டீசல்களில் ஃபில்டரை மாற்ற வைக்கும் எல்லை 25 அங்குல நீர், அதாவது சுமார் 6.2 கிலோ பாஸ்கல். புது ஃபில்டரிலேயே அதில் பாதியை நெருங்கினால் குழாயில் எங்கோ நெரிசல்.

அடைபட்ட ஃபில்டரை 7 பார் கம்ப்ரசரால் ஊதுவது காகிதத்தில் ஊசித்துளை போடும் வேலை. வேறு வழியில்லை என்றால் 2 பாருக்குள், உள்ளிருந்து வெளியே, 15 செ.மீ. தள்ளி. உதிரி ஃபில்டர் ஒன்றை வண்டியில் வைத்திருப்பது இதைவிட மலிவு.

தண்ணீரில் இறங்குமுன்

டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரீதர்களை நீட்டாமல் ஸ்நார்கலின் உயரத்தை நம்பாதீர்கள். சூடான டிஃப் குளிர்ந்த நீரில் அமுங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆக்ஸில் சீல் வழியாக நீரை இழுக்கும். பிரீதர் ஹோஸை ஃபயர்வாலின் (என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) மேல் வரை கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்து, சின்ன ஃபில்டர் போடுங்கள். ஏசியை அணையுங்கள், இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் ஃபேன் நீருக்குள் சுழலும். முதல் கியர், லோ ரேஞ்ச், வேகமான நடையின் வேகம். முன்னால் எழும் அலைக்குப் பின்னால் பானட்டுக்குள் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். நடுவில் நின்றாலோ பின்னால் எடுத்தாலோ அந்த அனுகூலம் போய்விடும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரத்திலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் வந்தது, சிறையும் சாத்தியம். அங்கீகரிக்கப்பட்ட உபகரணமாக விற்கப்படுவதை ரசீதோடு பொருத்துங்கள், வாரண்டி பற்றி எழுத்தில் வாங்குங்கள். சாதாரணக் காப்பீடு நீர் புகுந்த என்ஜினை ஏற்காது. என்ஜின் பாதுகாப்பு இணைப்பு தனியாக எடுக்க வேண்டும், அதன் விதிவிலக்குகளையும் படித்துவிட்டு.

நீரில் என்ஜின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. இழுத்துக் கரையேற்றி, முதலில் ஏர் பாக்ஸைத் திறவுங்கள். ஃபில்டர் உலர்ந்திருந்தாலும் டர்போ ஹோஸையும் இன்டர்கூலரின் அடி ஹோஸையும் கழற்றிப் பாருங்கள், நீர் அங்கே தேங்கும். ஈரம் இருந்தால் க்ளோ பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ எடுத்துவிட்டு, எரிபொருள் போகாதபடி துண்டித்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று. அதன்பிறகுதான் ஸ்டார்ட்டர். ஆயில் பால் நிறமாக இருந்தால் ஓட்டாமல் மாற்றுங்கள். வளைந்த ராட் உடனே சொல்லாது. என்ஜின் ஓடும், லேசாக அதிரும், பல நூறு கி.மீ. கழித்து உடையும். அதனால் கம்ப்ரஷன் எடுத்துப் பார்த்து, ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் ஹெட்டை இறக்கி, நான்கு பிஸ்டனும் உச்சியில் நிற்கும் உயரத்தை டயல் கேஜால் ஒப்பிட வேண்டும். தாழ்ந்து நிற்கும் பிஸ்டனின் ராட் வளைந்திருக்கிறது.